செட்டிநாட்டில் நான்கு நாள்: அண்ணாந்து பார்க்க வேண்டிய வீடுகள்

முதல் நாள்: காரைக்குடி, தெருவில் நின்றபடி

செட்டிநாட்டு வீடு என்றதும் பர்மாத் தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலிச் சலவைக்கல் என்று எல்லாரும் ஒரு பட்டியலை ஒப்பிப்பார்கள். பட்டியல் பொய்யில்லை. ஆனால் அந்தத் தேக்கையும் கண்ணாடியையும் நூறு வருஷமாக நனையாமல் காத்தது நாட்டு ஓடும் சுண்ணாம்பும்தான். இந்த நான்கு நாளும் அந்த இரண்டின் மேலும் ஒரு கண் இருக்கட்டும்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பல்லவன் ரயில் வசதி. எழும்பூரில் பிற்பகலில் ஏறினால் இரவில் காரைக்குடி. விமானம் என்றால் திருச்சி அல்லது மதுரை. இரண்டிலிருந்தும் சாலை வழி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். மார்கழி, தை மாதங்கள் நடக்கத் தோதானவை. சித்திரையில் வந்தால் காலை பத்து மணிக்கு மேல் தெருவில் நிற்க முடியாது. ஆனால் தையில் கல்யாணங்கள் தொடங்கிவிடும். மற்ற மாதங்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் அப்போது திறந்திருக்கும், உள்ளே வெளியாட்களை விடமாட்டார்கள். திறந்த கதவைப் பார்த்துவிட்டு நேரே நுழைந்துவிடக் கூடாது.

செட்டிநாடு என்பது ஒரு ஊரல்ல. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும், நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்களின் தொகுதி. மரபில் 96 ஊர் என்பார்கள், இப்போது எழுபத்துச் சொச்சம். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இந்த ஊர்கள் இடம்பெற்றன. அதனால் சட்டப்படி எந்த வீடும் காப்பாற்றப்பட்டுவிடவில்லை. பட்டியல் வேறு, பாதுகாப்பு வேறு.

இத்தனை பெரிய வீடுகள் ஏன் ஏறக்குறைய ஒரே காலத்தில் எழுந்தன என்பதற்குப் பதில் பர்மாவில் இருக்கிறது. 1852 போருக்குப் பின் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை கிடைத்தது. காடு வெட்டி வயலாக்கிய விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். இலங்கை, மலாயாவிலும் தொழில் நடந்தது. அந்த வட்டிதான் இங்கே சுவராக எழுந்தது. 1930இல் உலகப் பொருளாதாரம் சரிந்து அரிசி விலை விழுந்தபோது கடன் திரும்பவில்லை, அடமான நிலம் வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் நகரத்தாரிடம் இருந்தது. 1937–38இல் அது 25 சதவீதம். கேட்க லாபம் போல இருக்கும். காசாக இருக்க வேண்டியது மண்ணாக மாட்டிக்கொண்டது என்பதே உண்மை. 1942இல் ஜப்பானியப் படை வந்ததும் அதுவும் போயிற்று. அதற்குப் பிறகு இங்கே பெரிய வீடு எழுந்தது அபூர்வம்.

ஆகவே தெருவில் நின்று ஒரு வீட்டின் வயதைக் கணிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. தெருப் பக்கம் ஓட்டுச் சரிவு, மரத் தூண், இரு பக்கமும் திண்ணை, மாடி இல்லை என்றால் பழையது, பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு. மாடி முகப்பு, வளைவுகள், வண்ணக் கண்ணாடி, கைப்பிடிச் சுவர் நெடுகச் சுதைச் சிற்பம் (சுண்ணாம்புச் சாந்தில் செய்த உருவம்) என்றால் 1900ஐ ஒட்டி முன்னும் பின்னும். மூலைகள் வளைந்து, கோடுகள் கிடைமட்டமாக ஓடி, காங்கிரீட் தலைகாட்டினால் 1930, 40கள். ஒரு எச்சரிக்கை: முகப்பை மட்டும் பின்னாளில் இடித்துக் கட்டிய வீடுகள் நிறைய. முன்னால் 1935, உள்ளே 1880 என்று ஒரே கூரையின் கீழ் இரண்டு காலம் இருக்கும். பக்கச் சந்தில் நடந்து மதில் தொடரும் விதத்தைப் பாருங்கள், ஒட்டுப் போட்ட இடம் தெரிந்துவிடும்.

சுதையில் நடுவில் இருப்பவள் கஜலட்சுமி. அவளுக்குப் பக்கத்திலேயே தொப்பி வைத்த வெள்ளைக்காரச் சிப்பாய் துப்பாக்கியோடு நிற்பான், குதிரைக்காரன் இருப்பான். இதையெல்லாம் படம் எடுக்கக் காலை எட்டு மணிக்குள் போக வேண்டும், அதுவும் கிழக்கு பார்த்த வீடுகளுக்கு. மேற்கு பார்த்தவற்றுக்கு மாலை நான்கரைக்கு மேல்.

கதவுக்கு மேல் சுதை எழுத்தில் வரிசையாகத் தலைப்பெழுத்துகள் தெரியும். நகரத்தார் மொழியில் இது விலாசம். தாத்தா, பாட்டன், பூட்டன் என்று பின்னோக்கிப் போகும் எழுத்துத் தொடர். கடைப் பெயரும் அதுதான், வீட்டுப் பெயரும் அதுதான். எழுத்துகளைச் சொல்லும் முறையே தனி: ஆனா, மூனா, சானா, லேனா. வழி கேட்கும்போது கதவு எண்ணைச் சொன்னால் விழிப்பார்கள், விலாசத்தைச் சொன்னால் கை நீட்டுவார்கள்.

ஆயிரம் ஜன்னல் வீடு என்று ஊரே அழைக்கும் வீடு 1941இல் கட்டியது. உள்ளே அனுமதி இல்லை, தெருவிலிருந்து பார்க்கலாம். ஜன்னல்களை எண்ணிக்கொண்டு நிற்பதைவிட, அதன் முகப்பையும் அதற்கு ஐம்பது வருஷம் மூத்த ஒரு திண்ணை வீட்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் பயன் அதிகம். திண்ணை சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் காணாமல் போன கதை அதில் இருக்கிறது.

இரண்டாம் நாள்: கானாடுகாத்தான், வாசலிலிருந்து கொல்லை வரை

காரைக்குடியிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டர். கோட்டையூர் தாண்டிப் போகும் பேருந்துகள் உண்டு, ஆனால் ஊருக்குள் போகாமல் நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட்டுப் போகிறவையும் உண்டு. ஏறும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். செட்டிநாடு என்ற பெயர்ப்பலகையோடு ரயில் நிலையமும் இருக்கிறது. எல்லா ரயிலும் நிற்பதில்லை. நாள் முழுவதும் சுற்ற நினைத்தால் காரைக்குடியிலேயே ஆட்டோ பேசிக்கொள்வது லாபம்.

ஊரைப் பார்த்ததும் தெருக்களின் அகலம் கண்ணில் படும். கோடு போட்டதுபோல நேர்த் தெருக்கள், குறுக்கே நேர்த் தெருக்கள். ஒவ்வொரு வீடும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். அதனால் சில தெருக்களில் இரு பக்கமும் வாசல், சில தெருக்களில் இரு பக்கமும் கொல்லைக் கதவுகள் மட்டும். மூடின கதவுகளும் நீண்ட மதிலுமாக ஒரு தெரு வெறிச்சென்று இருந்தால் அது பாழடைந்த தெருவென்று நினைத்துவிட வேண்டாம், வீடுகளின் முதுகுப் பக்கம் அது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனை 1912இல் கட்டியது. உள்ளே விடுவார்கள் என்று நம்பி நாளைத் திட்டமிட வேண்டாம், வெளியிலிருந்து பார்ப்பதே உறுதி. சுற்றுவட்டத் தெருக்களில் சில வீடுகளில் காவல்காரர் இருப்பார். சிறு தொகை வாங்கிக்கொண்டு காட்டுவார். 1870இல் கட்டியதாகச் சொல்லப்படும் வி.வி.ஆர். வீடு அவற்றில் ஒன்று, முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய முட்டைப் பூச்சுச் சுவரைப் பார்க்க நல்ல இடம். செருப்பை வெளியே விட வேண்டும். காவல்காரரை அண்ணே, அக்கா என்று கூப்பிடலாம். வீட்டுப் பெரியவர் உள்ளே இருந்தால் ஆச்சி. சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும். சாமி அறை, பூட்டிய அறை இரண்டையும் படம் எடுக்கக் கேட்காதீர்கள்.

வீட்டுக்குள் நடக்கும் வரிசை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தெருவிலிருந்து படியேறினால் முகப்பு. தரைமட்டத்திலிருந்து நல்ல உயரம். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதால் இங்கே வந்தவர்கள், அந்தப் பயத்தில் உயர்த்திக் கட்டினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். பயம் இருந்ததோ இல்லையோ, உயரத்தால் சுவரடியில் தண்ணீர் தேங்காது, கரையான் ஏறினால் கண்ணுக்குத் தெரியும். முகப்பில் ஆண்கள் தொழில் பேசும் திண்ணை, கணக்குப்பிள்ளை உட்காரும் இடம், பக்கத்தில் சிறு அறைகள். வந்தவரை எதுவரை விடுவது என்பது இங்கேயே முடிவாகிவிடும்.

பிறகு நிலைக்கதவு. இதில்தான் தச்சர் தன் வித்தையெல்லாம் காட்டியிருப்பார். மேல்சட்டத்தில் கஜலட்சுமி, பக்கச் சட்டங்களில் கொடி, கிளி, யாளி. சிற்பத்தைப் பார்த்து முடித்ததும் கதவுக்கு நேரே நின்று உள்ளே பாருங்கள். அடுத்த கதவு, அதற்கடுத்த கதவு, கடைசியில் கொல்லை வாசல் வெளிச்சம், எல்லாம் ஒரே கோட்டில் இருக்கும். முகப்பில் நிற்கும்போது காலில் காற்று படுவது அதனால்தான். அடுத்து வரும் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய நடுப்பகுதியில், வெயிலில் சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே போக, இரு கோடியிலிருந்தும் காற்று உள்ளே இழுபடும். கொல்லைக் கதவைப் பூட்டிவிட்டால் பாதி வேலை நின்றுபோகும். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் பூஞ்சை வாடை வருவதற்கு முதல் காரணம் இதுவே.

நிலையைத் தாண்டினால் வளவு. நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வரிசை, தூண்களுக்குப் பின் தாழ்வாரம், அதற்குப் பின் அறைகள். வீட்டின் உயிர் இங்கேதான். ஒவ்வொரு மகனுக்கும் கல்யாணம் ஆனதும் வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அவனுக்கு. நகரத்தார் கணக்கில் கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி. கோவில் வரியும் புள்ளிக் கணக்கில்தான். கூட்டுக் குடும்பம் என்று நாம் பொதுவாகச் சொல்வது இங்கே கொஞ்சம் வித்தியாசம்: கூரை ஒன்று, உலை வேறு. அந்தச் சிறு அறை படுக்க மட்டுமல்ல, சீர்ச் சாமான் வைக்கவும்தான். எவர்சில்வர், பித்தளை, எனாமல் என்று மகளுக்குச் சேர்த்த பாத்திரம் மாடியறைகள் முழுக்க நிரம்பியிருக்கும்.

அடுத்து இரண்டாம் கட்டு: சாப்பாட்டுக்கும் பெண்கள் புழங்கவும். மூன்றாம் கட்டு: அடுப்படி, ஆட்டுரல், அம்மி, கிணறு. பெரிய வீடுகளில் ஒரு பக்கமாகக் கல்யாணக் கொட்டகை தனியே நீளும். முன்னாலிருந்து பின்னால் போகப் போக மரம் எளிமையாவதைக் கவனியுங்கள். முகப்பில் தேக்கும் கருங்காலியும், வளவில் தேக்கும் கருங்கல்லும், மூன்றாம் கட்டில் உள்ளூர் மரமும் வெறும் கல்லும். காசு எங்கே யார் கண்ணில் பட வேண்டும் என்ற கணக்கு அதில் தெளிவாக இருக்கிறது.

தண்ணீர்க் கணக்கும் அதே அளவு தெளிவு. இது வானம் பார்த்த பூமி. வளவின் நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரியும். இரண்டு சரிவு சந்திக்கும் மூலை கூடல்வாய். நான்கு கூடல்வாயிலும் மழைநீர் திரண்டு விழும், அதன் நேர்கீழே கிடாரம் என்ற பெரிய பாத்திரம் வைத்துப் பிடிப்பார்கள். மீதி முற்றத்தில் விழுந்து, கல் பாவிய வாய்க்கால் வழியே கிணற்றுக்கோ தெருவுக்கோ போகும். தெரு வடிகால் ஊருணியில் போய்ச் சேரும். முற்றத்தில் நின்றால் தண்ணீர் வெளியேறும் துளை எந்த மூலையில் என்று தேடுங்கள். அந்த மூலைக்குத் தரை கண்ணுக்குத் தெரியாத அளவில் சாய்ந்திருக்கும். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் தெரியும், காவல்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யவும்.

முற்றத்தின் மேலே இப்போது பெரும்பாலும் இரும்புக் கம்பி வலை. திருடனுக்கும் குரங்குக்கும் பயந்து போட்டது, குறை சொல்ல முடியாது. ஆனால் சில இடங்களில் நெகிழித் தகடே போட்டு மூடியிருக்கிறார்கள். மழை வராது, சூடும் வெளியே போகாது. நண்பகலில் அப்படி ஒரு வளவிலும் திறந்த வளவிலும் பத்து நிமிஷம் நின்று பார்த்தால் வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள்: ஆத்தங்குடி, காலடியில்

கானாடுகாத்தானிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். இங்கே பெரிய வீடு என்கிற லட்சுமி விலாஸ் கட்டணத்தோடு பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. மர விதானத்தின் வண்ண வேலை நன்றாக இருக்கும், தரையும் அப்படியே. கூட்டம் சேருமுன் காலையில் பார்த்துவிட்டு நேரே தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறைக்குப் போய்விட வேண்டும். பட்டறைகளில் வேலை காலையில்தான் சுறுசுறுப்பு.

ஆத்தங்குடிக் கல் சுடாத கல். சூளையே கிடையாது. சிமெண்டும் மணலும் நிறப்பொடியும் தண்ணீரும் மட்டும். ஆகவே இதற்கும் கடையில் வாங்கும் பளிங்கு ஓட்டுக்கும் ஒப்பீடே இல்லை. குணமும் வேறு, நோயும் வேறு.

மேசை மேல் ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் சதுர இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவத்துக்கான உலோக அச்சு, மேலே கைப்பிடியோடு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். குழம்பு தோசை மாவைவிட இளக்கமாக இருக்கும். ஊற்றிச் சற்று ஆட்டிவிட்டு அச்சை நேரே மேலே தூக்க வேண்டும். சாய்த்துத் தூக்கினால் நிறம் ஒன்றோடொன்று கலங்கிவிடும். சில பூவேலைகளுக்கு அச்சே இல்லை, கையாலேயே நிறத்தை ஓடவிட்டுச் செய்வார்கள். அதற்கு ஆள் குறைவு, விலை அதிகம்.

நிறத்தின் மேல் உலர்ந்த சிமெண்ட் மணல் கலவையைச் சலித்துத் தூவுவார்கள். பார்க்க அலட்சியமாகத் தெரியும், உண்மையில் இதுதான் சூட்சுமம். நிறக் குழம்பில் இருக்கும் கூடுதல் தண்ணீரை இந்த உலர்பொடி உறிஞ்சிக்கொள்ளும். இது குறைந்தால் நிறம் பின்னால் வரும் ஈரக் கலவையோடு கலந்து மங்கும். கூடினால் நிறமும் முதுகும் ஒட்டாமல் பின்னாளில் ஏடாகக் கழன்றுவிடும். பிறகு ஈரக் கலவையை நிரப்பி, கரணையால் அழுத்தி மட்டம் செய்து, சட்டத்தைக் கழற்றிக் கண்ணாடியோடு ஒதுக்கி வைப்பார்கள். இறுகியபின் கண்ணாடி தானே விட்டுவரும். பின்பு தண்ணீர்த் தொட்டியில் ஊறல், கடைசியில் உலர்த்தல். சிமெண்ட் காய்ந்து கெட்டியாவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து கெட்டியாகிறது. தொட்டியில் ஊறும் காலத்தைக் குறைத்த கல் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தரையில் ஒரு வருஷம் மிதிபட்டதும் பொடி உதிரும்.

மேற்புறத்தின் வழவழப்பு முழுவதும் அந்தக் கண்ணாடி கொடுத்தது. நிறம் இருப்பது இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். மொத்தக் கனம் முக்கால் அங்குலத்துக்கு அருகில். ஆகவே பதித்தபின் எந்திரம் வைத்து இழைக்கவே கூடாது. கண்ணாடி கொடுத்த தோல் போய்விடும், பூவும் தேய்ந்துவிடும். பழக்கமில்லாத ஊர்களில் கொத்தனார் செய்யும் முதல் தவறு இதுவே.

வாங்க நினைப்பவர்களுக்குக் கணக்கு: 10 அங்குலக் கல் என்றால் 100 சதுர அடிக்கு 144 கல், 8 அங்குலம் என்றால் 225. உடைசலுக்கு நூற்றுக்குப் பத்து கூட. 10 அங்குலக் கல் ஒன்று இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடை வரும், 100 சதுர அடிக்கே ஏறக்குறைய 400 கிலோ. லாரி வாடகையையும் மாடி தாங்குமா என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். கையால் கலக்கும் நிறம் ஆதலால் இந்த வாரச் சிவப்பும் அடுத்த மாதச் சிவப்பும் ஒன்றாக இருக்காது. முழுத் தேவையையும் ஒரே தடவையில் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் கீழ்க்கல் விரிசல் விடும். வைக்கோல் கொடுத்துச் செங்குத்தாக அடுக்கினால்தான் விளிம்பு தப்பும்.

பதிக்குமுன் கல்லைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். உலர்ந்த கல்லைப் போட்டால் கலவையின் ஈரத்தை அதுவே குடித்துவிடும், பிடிப்பு இருக்காது, தட்டினால் டொக்கென்று கேட்கும். மூட்டில் இடைவெளி விடாமல் ஒட்டி வைப்பதே இங்கத்திய வழக்கம். மேலே சிந்திய சிமெண்டை அப்போதே துடைத்துவிட வேண்டும், காய்ந்தபின் எடுக்கும் வழி எல்லாமே கல்லைக் கெடுக்கும் வழி.

முதல் சில மாதம் வெள்ளை பூத்தால் பதற வேண்டாம். கல்லிலும் அடிக்கலவையிலும் உள்ள உப்பு ஈரத்தோடு மேலே வந்து காய்வது அது. வெறும் தண்ணீரில் துடைக்கத் துடைக்கக் குறையும். ஆசிட் ஊற்றினால் தீர்ந்தது, சிமெண்டை அரித்து நிறத்தைத் தூக்கிவிடும். எலுமிச்சை, புளித் தண்ணீர் சிந்தி அப்படியே கிடந்தாலும் தழும்புதான். அதனால் அடுப்படிக்கு இந்தக் கல் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பழைய வீடுகளிலும் மூன்றாம் கட்டில் கருங்கல்லைத்தான் போட்டிருக்கிறார்கள், காரணம் இல்லாமலில்லை. மினுமினுப்புக்குத் தேங்காயெண்ணெயில் நனைத்துப் பிழிந்த துணி போதும். அதைவிட, ஆள் நடமாட்டம்தான் நல்ல மெருகு. பூட்டிய அறையின் தரையும் வளவின் தரையும் ஒரே பட்டறைக் கல்லாக இருந்தும் வளவுத் தரை மட்டும் பளபளப்பதைப் பார்க்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்குக் காரைக்குடிக்கே திரும்பிவிடுவது நல்லது. கவுனி அரிசி எங்கே கிடைத்தாலும் விட வேண்டாம், அதுவும் பர்மாத் தொடர்பில் வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

நான்காம் நாள்: கொத்தமங்கலம், பள்ளத்தூர், மீண்டும் காரைக்குடி

கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் மீட்டெடுத்து விடுதியாக்கிய வீடு. நன்றாகப் பராமரித்த வீடும் விட்டுவிட்ட வீடும் நூறடி தூரத்தில் நிற்கும் ஊர்கள் இவை. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதி வேறெங்கும் இல்லை.

முதலில் சுவர். முட்டைப் பூச்சு என்ற பெயரைக் கேட்டுச் சுவர் முழுதும் முட்டையால் ஆனதாகப் பலர் நினைக்கிறார்கள். முட்டை வெண்கரு கடைசிப் பூச்சில் மட்டும். கீழே நாலைந்து பூச்சு சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுத் தாளித்து வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டும். அவசரப்பட்டால் தாளிபடாத பொடிக்கல் சுவரில் போனபின் ஈரம் பட்டு உப்பி, சுவரில் குழிகுழியாகப் பொரிந்து விழும். ஊறிய சுண்ணாம்பை மணலோடு, ஒரு பங்குக்கு இரண்டு முதல் மூன்று பங்கு, செக்கில் அரைப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேரும். மேலே போகப் போக மணல் நைசாகும், கடைசியில் மணலே இல்லாமல் அம்மியில் அரைத்த வெண்ணெய் போன்ற சுண்ணாம்பில் வெண்கரு சேர்த்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். காரைக்குடி என்ற பெயருக்குக் காரைச் செடியைக் காரணம் சொல்வார்கள். கொத்தனாருக்குக் காரை என்றால் இந்தப் பூச்சுதான்.

சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. அதற்குள் ஈரம் வந்துபோக வழி இருக்கும். இந்தச் சுவரில் வெடிப்பு கண்டதும் சிமெண்ட் பூசுகிறவர்கள் நோயைப் பூட்டி வைக்கிறார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் சிமெண்ட் இருக்கும் இடத்தில் வெளியேற முடியாமல், அதற்கு மேலே இன்னும் உயரம் ஏறி, நல்ல சுண்ணாம்பைப் பொடியாக்கும். அடியில் நாலடி சாம்பல் நிற ஒட்டு, அதற்கு மேலே தோல் உரிந்த சுவர்: இந்தக் காட்சியை எல்லா ஊரிலும் பார்க்கலாம். வழவழப்பான எமல்ஷன் பெயிண்ட் அடித்த சுவருக்கும் இதே கதிதான். விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கெட்டியான பூச்சு சத்தமே தராது, விட்டுப்போனது டொப்பென்னும். தட்டும்போது மெதுவாக, வீடு நம்முடையதல்ல.

இப்போது அண்ணாந்து பாருங்கள். சரிவுக் கூரையில் சாய்வாகக் கிடக்கும் கைமரம், அதன்மேல் சட்டம், அதன்மேல் தட்டோடு, அதற்கும் மேல் அடுக்கடுக்காக வளைந்த நாட்டு ஓடு. ஓடுகளுக்கு நடுவே இருக்கும் காற்றுதான் வெயிலைத் தடுக்கிறது. மட்டக் கூரை என்றால் மெட்ராஸ் டெரஸ்: தேக்குச் சட்டங்களின் மேல் சிறு செங்கல்லைச் செங்குத்தாகக் குறுக்குச் சாய்வில் சுண்ணாம்பில் பதித்து, மேலே ஜல்லிக் காரை, அதன்மேல் தட்டோடு.

நாட்டு ஓட்டுக்கு ஆணி இல்லை, கலவை இல்லை, எடையால் மட்டும் நிற்கிறது. குரங்கு ஓடினால் நகரும், இலை சேர்ந்தால் நனைந்தபடியே கிடக்கும். ஆகவே சில வருஷத்துக்கு ஒரு முறை ஓட்டைப் பிரித்து, உடைந்ததை நீக்கி, மறுபடி மேய வேண்டும். முதலில் பழுதாவது கூடல்வாய். இரண்டு கூரையின் தண்ணீரும் அங்கேதான் திரள்கிறது, இலையும் அங்கேதான் சேர்கிறது. ஒரு ஓடு விலகினால் போதும். தண்ணீர் மூலைக் கைமரத்தின் தலையில் இறங்கும். எந்தத் தேக்கானாலும் சுவருக்குள் புதைந்த முனை ஈரத்திலேயே கிடந்தால் உளுத்துவிடும். முனை உளுத்தால் கைமரம் இறங்கும், இறங்கியதும் பக்கத்து ஓடுகள் வாய் பிளக்கும். அடுத்த மழையில் சுவர் உச்சி நனையும், பூச்சு பாளமாக விழும். முற்றத்தில் நின்று நான்கு மூலைகளையும் பார்த்தால் வீட்டின் உடல்நிலை தெரிந்துவிடும்: கரும்பச்சைக் கறை, தொய்ந்த விளிம்பு, கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்று. கன்றைப் பிடுங்கினால் வேரோடு காரையும் வரும். வெட்டிவிட்டு வேரைப் பட்டுப்போகச் செய்தபின்தான் வெடிப்பை அடைக்க வேண்டும், அதுவும் சுண்ணாம்பால்.

இவ்வளவு தெரிந்திருந்தும் ஏன் விழுகின்றன? ஒரு வீட்டுக்கு இன்று பத்து, இருபது, அதற்கும் மேலே பங்காளிகள். சென்னையில் ஒருவர், கோலாலம்பூரில் ஒருவர். அறைக்குச் சாவி ஒருவரிடம் இருக்கிறது. வளவுக் கூரைக்குச் சாவி கிடையாது. தன் அறையைச் சுத்தமாக வெள்ளையடித்து வைத்திருப்பவர், அதன் வாசலுக்கு மேலே ஒழுகும் கூடல்வாய்க்கு எல்லாரும் சேர்ந்து பணம் போடட்டும் என்று காத்திருப்பார். விற்பதென்றால் எல்லாக் கையெழுத்தும் வேண்டும். ஒழுங்காக நிற்கும் வீடுகளை விசாரித்தால், கல்யாணத்துக்கோ முன்னோரை வணங்கும் படைப்புக்கோ பங்காளிகள் வருஷா வருஷம் கூடும் வீடாகவோ, யாரோ ஒருவர் முழுப்பொறுப்பு எடுத்துக்கொண்ட வீடாகவோ, விடுதியாக மாறியதாகவோ இருக்கும். பள்ளத்தூர்த் தெருக்களில் மூன்று வகையும் உண்டு.

பிற்பகல் காரைக்குடி, முனீஸ்வரன் கோவில் தெரு. பழம்பொருள் கடைகள். எனாமல் தூக்குச் சட்டிகள், ரவிவர்மா அச்சுப் படங்கள், கண்ணாடி ஜாடிகள், பிரித்த வீடுகளின் நிலைகள், தூண்கள், தூண் தலையில் இருந்த போதிகைகள். சின்னப் பொருள் வாங்கலாம், பேரம் பேசலாம். நிலைக்கதவு வாங்குவதில் எங்களுக்குச் சம்மதமில்லை. நல்ல விலைக்குக் கதவு போகும் என்ற நம்பிக்கையும் கூரையைப் பழுது பார்க்காமல் விடுவதற்கு ஒரு காரணமாகிவிடுகிறது. ஆனால் பார்த்துப் படிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. வீட்டில் சுவருக்குள் மறைந்திருந்த மூட்டு இங்கே திறந்து கிடக்கிறது: சட்டத்துக்குள் சட்டம் நுழையும் கழுந்து, அதை இறுக்கிய மரமுளை, இரும்பு ஒன்றுகூட இல்லாமல். முளை இருக்க வேண்டிய இடத்தில் திருகாணி இருந்தால் பின்னாளில் கூட்டியது. சிற்பத்தின் பள்ளத்துக்குள் நிறம் மேற்பரப்பைவிட வெளிறியிருந்தால் பழைய மரத்தில் புதிதாகக் குடைந்தது.

தூணைப் படுக்க வைத்திருப்பார்கள். அடிமுனையைக் குனிந்து பாருங்கள். உளுத்திருக்காது, கல் பீடத்தின் மேல் நின்றதால் தரை ஈரம் அதைத் தொட்டதே இல்லை. பக்கத்தில் கைமரங்கள் கிடந்தால் அவற்றின் முனையையும் பாருங்கள். ஒரு முழம் அறுத்து எடுத்திருப்பார்கள்.